நுண்ணங்கிச் சூழலியல் படித்தால் மலையகத்துக்கு என்ன பயன்?

பொகவந்தலாவையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். உயர்தரத்தில் உயிரியல் பிரிவு முடித்துவிட்டு, பல்கலைக்கழகத்தில் நுண்ணங்கியியல் பக்கம் போகலாமா என்ற யோசனையில் இருக்கிறார். அவருடைய கேள்வி சுருக்கமாக இது: “சுற்றாடல், உணவு, குடல் ஆரோக்கியம் மூன்றையும் நுண்ணங்கிச் சூழலியல் என்ற ஒரே துறையில் ஆராய்கிறார்களாம். மண்ணும் தோசை மாவும் வயிறும் எப்படி ஒரே படிப்பாகும்? படித்து முடித்தால் நம் தோட்டப் பக்கம் அதற்கு வேலை இருக்கிறதா? ‘நல்ல பக்டீரியா’ என்று போத்தலில் விற்பதை வாங்கலாமா என்று அம்மாவும் கேட்கச் சொன்னார்.”

தங்கச்சி, நான் இந்தத் துறையில்தான் பல வருடமாக ஆய்வுக்கூடத்தில் இருக்கிறேன். வளர்ந்தது நுவரெலியாவுக்குக் கிட்ட ஒரு தோட்டத்து லயத்தில். அதனால் உங்கள் முதல் கேள்விக்கு எங்கள் அம்மாவின் மாவுச்சட்டியை வைத்தே பதில் சொல்கிறேன்.

எங்கள் பக்கம் மார்கழி, தை மாதங்களில் தோசை மாவு லேசில் புளிக்காது. கொழும்பில் மாலை அரைத்து வைத்தால் விடிய பொங்கி வழிகிற மாவு, இங்கே கல் மாதிரி அப்படியே கிடக்கும். அம்மா உளுந்தோடு ஒரு கரண்டி வெந்தயம் போட்டு அரைத்து, சட்டியைப் பழைய சாக்கில் சுற்றி, அடுப்புத் திட்டின் ஓரத்தில் சாம்பல் சூடு படுகிற இடமாகப் பார்த்து வைப்பார். அடுப்புக்கு மிகக் கிட்ட வைத்தால் ஒரு பக்கம் வெந்துவிடும். தள்ளி வைத்தால் புளிக்காது. அந்த ஒரு சாண் இடம் அவருக்கு அத்துப்படி. விடியற்காலை வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்குப் போகும் முன் மூடியைத் திறந்தால் மாவு குமிழ் விட்டு எழும்பி நிற்கும்.

அந்தச் சட்டிக்குள் நடந்தது இதுதான். அரைத்த உளுந்தில் அதன் மேல் ஒட்டிக்கொண்டு வந்த பல வகை நுண்ணங்கிகள் இருக்கின்றன. முதலில் பெருகி முன்னுக்கு வருவது பெரும்பாலும் லியூகொனொஸ்டொக் மெசென்டரொய்டஸ் என்ற பக்டீரியா. அது மாவிலுள்ள சீனியைத் தின்று அமிலமும் காபனீரொட்சைட்டும் விடும். அந்த வாயுதான் மாவை எழுப்புகிறது. அமிலம் கூடக் கூட, அமிலத்தை அதைவிட நன்றாகத் தாங்கும் வேறு இலாக்டிக் அமில பக்டீரியாக்கள் தலையெடுக்கும். நன்றாகப் புளித்த மாவில் வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் பலவற்றால் பெருக முடியாது. இவ்வளவுக்கும் அம்மா எந்தப் பக்டீரியாவையும் வாங்கி ஊற்றவில்லை. இடத்தை அமைத்துக் கொடுத்தார், வர வேண்டியது வந்தது.

நுண்ணங்கிச் சூழலியலின் அடிப்படை இவ்வளவுதான். மருத்துவ நுண்ணங்கியியல் நீண்ட காலம் ஒரு நோய்க்கு ஒரு கிருமி என்று தேடியது. காசநோய், கொலரா போன்றவற்றில் அது பெரிய வெற்றி. சூழலியல் கேட்கும் கேள்வி வேறு. இந்த இடத்தில் யார் யார் இருக்கிறார்கள், ஒருவருடைய கழிவை இன்னொருவர் எப்படித் தின்கிறார், சூடும் ஈரமும் அமிலமும் ஒட்சிசனும் மாறினால் கூட்டத்தில் யார் ஏறுவார், யார் இறங்குவார்? மாவுக்கும் இதே கேள்விதான், மண்ணுக்கும் இதே கேள்விதான், பெருங்குடலுக்கும் இதே கேள்விதான். பார்க்கும் கருவிகளும் ஒன்று. ஒரு கிராம் நல்ல மண்ணில் நூறு கோடி வரை பக்டீரியா இருக்கலாம், ஆனால் ஆய்வுக்கூடத் தட்டில் வளர்வது நூற்றில் ஒன்றுகூட வராது. அதனால் மண்ணானாலும் மலமானாலும் அதிலிருந்து டி.என்.ஏயைப் பிரித்தெடுத்து, யாருடையது என்று வாசிக்கிறோம். மண் மாதிரிக்குப் பழகிய கை, குடல் மாதிரிக்கும் சீக்கிரம் பழகிவிடும்.

மலையகத்தில் இவை ஒரே படிப்பாக இருக்க இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் லயத்துக்குப் பின்னால் நின்று கீழே பாருங்கள். மாட்டுப்பட்டி, அதற்குக் கீழே லீக்ஸும் கரட்டும் போட்ட சின்ன மரக்கறித் தோட்டம், பக்கத்தில் மலசலகூடக் குழி, இன்னும் கொஞ்சம் இறங்கினால் குடிக்கத் தண்ணீர் பிடிக்கும் பீலி. நூறு எட்டுக்குள் எல்லாம் வந்துவிடும். ஒரு பெரிய மழை பெய்தால் சரிவு முழுக்க ஒரே தண்ணீர். மேலே மண்ணில் இருந்தது கீழே குடத்தில் வந்து நிற்கும். சமவெளியில் இருப்பவர்களுக்குப் புத்தகத்தில் படம் போட்டுக் காட்ட வேண்டிய தொடர்பு, நமக்குக் கண்ணெதிரே சரிந்து கிடக்கிறது.

சரி, மண்ணுக்கு வருவோம். நம்முடைய பயிரையே மாற்றியது ஒரு நுண்ணங்கி என்பதை முதலில் சொல்ல வேண்டும். நம் மூதாதையர் இந்த மலைக்கு ஏறி வந்தது தேயிலைக்காக அல்ல, கோப்பிக்காக. 1869இல் கோப்பி இலையில் துரு நிறத் தூள் படிவது இலங்கையில் பதிவானது. ஹெமிலேயா வாஸ்டாட்ரிக்ஸ் என்ற பங்கசு அது. இருபது வருடத்துக்குள் கோப்பித் தொழிலே விழுந்தது. 1880இல் இங்கு வந்து இரண்டு வருடம் அந்த நோயைப் படித்த மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர், மலை மலையாக ஒரே பயிரை இடைவெளியில்லாமல் நட்டது பங்கசுவுக்குப் பாதை போட்டுக் கொடுத்ததைக் கண்டார். இது அப்பட்டமான சூழலியல் பார்வை. அதற்கு முன்பே 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டிருந்தார். கோப்பி விழுந்ததும் தேயிலை ஏறியது. 1946இல் தேயிலைக்கும் கொப்புள நோய் வந்தது, அதுவும் பங்கசுதான். மூட்டம் இறங்கி இலை காயாமல் இருக்கிற நாட்களில் அது பரவும். செம்பு கலந்த மருந்தை அடித்து அதை அடக்குகிறார்கள். அடித்த செம்பு பெரும்பாலும் மண்ணிலேயே தங்கும். பல வருடம் அப்படிச் சேர்ந்த செம்பு மண்ணின் நுண்ணங்கிகளை என்ன செய்கிறது என்பது படிக்க வேண்டிய விஷயம்.

அடுத்தது உரம். தேயிலைக்கு அமில மண் பிடிக்கும், பீஎச் 4.5 முதல் 5.5 வரை. யூரியா போட்டதும் மண் நுண்ணங்கிகளின் நொதியம் அதை அமோனியமாக்கும். அப்புறம் வேறு நுண்ணங்கிகள் அமோனியத்தை நைத்திரேற்றாக்கும். அந்தக் கட்டத்தில் அமிலம் வெளியாகும். அமில மண்ணில் இந்த வேலை நடக்காது என்றுதான் பாடப்புத்தகங்கள் நீண்ட காலம் சொல்லின, ஏனென்றால் தெரிந்த பக்டீரியாக்கள் அமிலத்தில் வளரவில்லை. 2005இல் ஆர்க்கியா என்ற வேறு வகை நுண்ணங்கிகளுக்கும் இந்த வேலை தெரியும் என்று கண்டார்கள். 2011இல் ஸ்கொட்லாந்தின் அமில மண்ணிலிருந்து, அமிலத்தில் மட்டுமே வாழும் ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். தேயிலை மண்ணைப் புரிந்துகொள்ள இது மிகவும் முக்கியம். நைத்திரேற்று மண்ணில் ஒட்டாது. மழையில் கழுவுண்டு ஆற்றுக்குப் போகும். ஈரம் நிறைந்த, காற்றில்லாத இடத்தில் இன்னொரு கூட்டம் அதில் ஒரு பங்கை நைதரச ஒட்சைட்டு வாயுவாக்கி மேலே அனுப்பும். அது காபனீரொட்சைட்டைவிடச் சுமார் 270 மடங்கு பூமியைச் சூடாக்கும் வாயு. தோட்டம் காசு கொடுத்து வாங்கிய நைதரசன் இப்படி ஆற்றிலும் காற்றிலும் போகிறது.

அப்படியென்றால் இரசாயன உரத்தையே நிறுத்திவிடலாமே என்பார்கள். 2021இல் நாம் அதைப் பட்டே பார்த்தோம். அந்த வருடம் ஏப்ரல் கடைசியில் அரசாங்கம் முடிவெடுத்து, இரசாயன உர இறக்குமதியைத் தடுத்து, நவம்பரில் அந்தத் தடையைத் திரும்பப் பெற்றது. உரத்தோடு எரிபொருள் தட்டுப்பாடும் பொருளாதார நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடி கிலோவுக்கு இறங்கியது. கொழுந்து இல்லாத மலையில் நாட்கூலியைத் தேடி அலைந்தது நம் சனம். இயற்கை உரம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். 50 கிலோ யூரியா மூட்டையில் 46 சதவீதம், அதாவது 23 கிலோ நைதரசன். கூட்டெருவில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு நைதரசன் இருந்தாலே நல்ல எரு. அப்படியானால் அந்த ஒரு மூட்டைக்குச் சமமாக ஒன்றரைத் தொன் எருவைத் தலையில் சுமந்து மலையேற்ற வேண்டும். ஏற்றினாலும் அதிலிருக்கும் நைதரசனில் பாதிகூட முதல் வருடம் செடிக்குக் கிடைக்காது, நுண்ணங்கிகள் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்துத்தான் கொடுக்கும். எரு சரியாக மக்காமல் இருந்தால் இன்னும் மோசம். வைக்கோலும் சருகுமாக இருக்கும் காபனைத் தின்ன நுண்ணங்கிகளுக்கு நைதரசன் தேவைப்படும். மண்ணில் இருப்பதையும் அவையே முதலில் எடுத்துக்கொள்ளும், செடி மஞ்சளாகும். மண்ணின் கூட்டம் மாற வருடக்கணக்கு எடுக்கும். ஒரு வர்த்தமானி அறிவித்தலுக்கு அது மாறாது.

அதே 2021இல் வெளிநாட்டிலிருந்து வந்த இயற்கை உரத்தின் மாதிரிகளில் எர்வினியா வகை பக்டீரியா இருப்பதாகத் தேசிய தாவரத் தனிமைப்படுத்தல் சேவை அறிக்கை கொடுத்தது. அனுப்பியவர்கள் அதை மறுத்தார்கள். கடைசியில் அந்தச் சரக்கு இங்கே இறங்கவில்லை. எர்வினியா என்று முன்பு அழைத்த கூட்டத்தில் சிலதான் கரட்டையும் உருளைக்கிழங்கையும் அழுகச் செய்து கூழாக்குபவை. நுவரெலியா மரக்கறித் தோட்டங்களுக்கு அது விளையாட்டான விஷயமில்லை. மண்ணைப் பற்றிப் பேசும்போது ஒரு தட்டில் வளர்ந்ததைச் சரியாக அடையாளம் காணத் தெரிந்த ஆட்கள் எவ்வளவு தேவை என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

நம் தோட்டங்களிலேயே அருமையான சூழலியல் வேலை ஒன்று நடக்கிறது, அதை யாரும் அந்தப் பெயரில் சொல்வதில்லை. பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக நடும் முன் மானாப்புல்லோ குவாத்தமாலாப் புல்லோ போட்டு, ஒன்றரை முதல் இரண்டு வருடம் வளர்த்து, வெட்டி வெட்டி அதே மண்ணில் பரப்புவார்கள். தலவாக்கலையில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் பரிந்துரை அது. புல்லின் வேர் மண்ணை நூல் நூலாகப் பின்னிப் பிடிக்கும். வெட்டிப் போட்ட புல்லைப் பங்கசுவும் பக்டீரியாவும் தின்று மண்ணை மணி மணியாகக் கட்டும். அப்படிப்பட்ட மண்ணை முள்ளுக்குத்திக் கிளறும்போது ஒரு வாசனை எழும்புமே, முதல் மழைக்கு வரும் அதே வாசனை, அதற்கு ஜியோஸ்மின் என்று பெயர். ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பக்டீரியா விடுவது. ஒரு இலட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே நம் மூக்கு பிடித்துவிடும். காசநோய்க்கு 1943இல் கண்டுபிடித்த ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தும் இந்தக் குடும்பத்திலிருந்துதான் வந்தது. கவ்வாத்து வெட்டிய மலையில் அந்த வாசனை வராவிட்டால் எனக்குக் கவலையாக இருக்கும்.

தண்ணீருக்கு வருகிறேன். நுவரெலியாப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களில் போடும் உரம் நானுஓயா வழியாகக் கொத்மலை ஓயாவுக்குப் போய்ச் சேர்கிறது. கொத்மலை நீர்த்தேக்கம் 1985இல் திறந்தது. 1991இல் அதில் மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி பச்சைப் பெயின்ட் ஊற்றியதுபோல் பரவியது. 1999இல் கண்டி வாவியிலும் அதே வகை. பொஸ்பரசும் நைதரசனும் வந்து, தண்ணீர் அசையாமல் நின்று, வெயிலும் அடித்தால் அந்தக் கூட்டம் ஏறும். அதில் சில வகை ஈரலைத் தாக்கும் நஞ்சு விடும். அந்த நஞ்சு கொதிக்க வைத்தால் அழியாது, கலங்கள் உடைந்து இன்னும் தண்ணீரில் கலக்கும். கொதித்தாறிய தண்ணீர் எல்லாவற்றுக்கும் காப்பு என்று நம்புகிறவர்கள் இதை மட்டும் தனியாக நினைவில் வைத்திருக்க வேண்டும்.

பீலித் தண்ணீர் வேறு கதை. அங்கே பயம் பாசியல்ல, மலம். கொதிக்க வைத்தால் போதும். உயரமான இடத்தில் தண்ணீர் 100 பாகைக்குக் கீழேயே, நுவரெலியாவில் ஏறத்தாழ 94 பாகையில் கொதிக்கும், கிருமியைக் கொல்ல அந்தச் சூடும் தாராளம். சாயத்தண்ணி குடிக்கும் பழக்கம் நம் சனத்தை எவ்வளவோ வயிற்றோட்டத்திலிருந்து காத்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இந்தத் தண்ணீரில் எனக்கு ஒரு வருத்தமான அனுபவம் உண்டு. நான் மாணவனாக இருந்தபோது எங்கள் பீலியில் மாதிரி எடுத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு தூர ஊர் ஆய்வுக்கூடம் ஒன்றுக்குக் கொண்டுபோனேன். குளிர்பெட்டி இல்லை. போன நேரம் மாலை, மறுநாள் வரச் சொன்னார்கள். அதற்கடுத்த நாள்தான் எடுத்தார்கள். மாதிரியைக் குளிரில் வைத்து, அதே நாளிலோ அதிகம் போனால் ஒரு நாளுக்குள்ளோ சோதிக்காவிட்டால் எண்ணிக்கைக்குப் பொருள் இல்லை. ஆனாலும் “குடிக்க உகந்தது” என்று எழுதிய தாள் கிடைத்தது. அதைப் பார்த்துச் சனம் நிம்மதியானது. எனக்கு மட்டும் அந்தத் தாளை நம்ப முடியவில்லை. நம் பக்கத்திலேயே, ஹட்டனிலோ மஸ்கெலியாவிலோ, அன்றைக்கே சோதிக்கும் கை இருந்திருந்தால் என்று அன்றைக்கு நினைத்தது இன்றுவரை போகவில்லை.

மலிவான வழி ஒன்று இருக்கிறது. 1982இல் இந்தியாவில் மஞ்சா என்பவரும் கூட இருந்தவர்களும் வெளியிட்டது. சின்னப் போத்தலில் மருந்து தோய்த்த கடதாசித் துண்டு, அதில் தண்ணீர். மலத்தோடு வரும் பக்டீரியாக்கள் இருந்தால் ஐதரசன் சல்பைட்டு உண்டாகிப் போத்தல் கறுக்கும். பாடசாலையிலேயே செய்யலாம். ஆனால் நம் குளிரில் அறையில் வைத்தால் கறுக்கவே நாளாகும், சில நேரம் கறுக்காமலே ஏமாற்றும். எனவே அதையும் தோசை மாவு வைத்த அதே ஓரத்தில், சூடு சீராக இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும். வெயில் வாரத்தில் ஒருமுறை, பெரிய மழைக்கு மறுநாள் ஒருமுறை என்று இரண்டையும் எடுங்கள். மழைக்குப் பிறகு எடுத்ததுதான் உண்மையைச் சொல்லும்.

இனி வயிறு. நம் உடம்பில் நம்முடைய கலங்கள் சுமார் 30 இலட்சம் கோடி, பக்டீரியா சுமார் 38 இலட்சம் கோடி என்று 2016இல் கணக்கிட்டார்கள். பழைய புத்தகங்களில் உள்ள ஒன்றுக்குப் பத்து என்ற கணக்கை விட்டுவிடுங்கள். பெரும்பாலானவை பெருங்குடலில் இருக்கின்றன. நாம் சமிக்காமல் விட்ட நார்ப்பொருளைத் தின்று, பியூட்டிரேற்று போன்ற கொழுப்பமிலங்களை விடுகின்றன. பெருங்குடலின் சுவருக்கு முக்கிய எரிபொருள் அதுதான். தாய்ப்பாலிலும் குழந்தையால் சமிக்கவே முடியாத சீனி வகைகள் இருக்கின்றன. இலக்டோசுக்கும் கொழுப்புக்கும் அடுத்தபடியாகப் பாலில் அதிகமான திண்மப் பொருள் அவைதான். அவை பிபிடோபக்டீரியாக்களுக்கான சாப்பாடு. தாய் ஒரு பிள்ளைக்குக் கொடுக்கும்போது அந்தப் பிள்ளையின் வயிற்றுக் கூட்டத்துக்கும் சேர்த்துக் கொடுக்கிறாள். கொழுந்து பறிக்கும் தாய், பிள்ளைக்காம்பராவில் விட்ட கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க மலையிலிருந்து இறங்கி வர நேரம் வேண்டும் என்று கேட்பதை இந்தப் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும்.

2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குக் கீழ் வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளைகள் நாடு முழுக்க 17 சதவீதம், பெருந்தோட்டத்துறையில் சுமார் 32 சதவீதம். மூன்று பிள்ளைகளில் ஒருவர். இந்த எண்ணை நான் எங்கே எழுதினாலும் கை ஒரு நிமிடம் நிற்கும். சாப்பாடு போதாமை, தாயின் இரத்தச்சோகை, பிறப்பு எடைக் குறைவு என்று காரணங்கள் பல. அவற்றோடு குடலும் ஒன்று. நோயென்று வெளியே தெரியாமலே மலக்கிருமி தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வாய்க்குள் போனால், சிறுகுடலின் விரல்போன்ற சடைமுளைகள் மழுங்கி, சாப்பிட்டது சரியாக உறிஞ்சப்படாது. பிள்ளைக்கு வயிற்றோட்டமே இருக்காது, ஆனால் வளர்த்தி இருக்காது.

தண்ணீரும் மலசலகூடமும் கொடுத்தால் சரியாகிவிடும் என்று வங்காளதேசம், கென்யா, சிம்பாப்வே மூன்று இடங்களில் பெரிய ஆய்வுகள் செய்தார்கள். 2018, 2019இல் முடிவு வந்தது. பிள்ளைகளின் உயரத்தில் முன்னேற்றம் வரவில்லை. வங்காளதேசத்தில் வயிற்றோட்டம் குறைந்தது, அவ்வளவுதான். இதைக் காட்டி மலசலகூடம் தேவையில்லை என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். கொடுத்த சின்ன ஏற்பாடுகள் பிள்ளையின் சுற்றாடலை மாற்றப் போதவில்லை, கோழியும் மாடும் சேற்று முற்றமும் அப்படியே இருந்தன என்பதே பலரும் அதிலிருந்து எடுத்த பாடம். லயத்து முற்றத்தில் தவழ்ந்த பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

நம்பிக்கை தரும் வேலை ஒன்றும் நடந்தது. டாக்காவின் மிர்பூரில், மெலிந்து போயிருந்த 12 முதல் 18 மாதப் பிள்ளைகள் 123 பேரை வைத்து தஹ்மீத் அஹமதும் ஜெஃப்ரி கோர்டனும் தலைமை தாங்கிய குழுக்கள் செய்த ஆய்வு, 2021இல் வெளிவந்தது. குடல் நுண்ணங்கிக் கூட்டம் வயதுக்கேற்ப முதிரவில்லை என்று முதலில் கண்டார்கள். அப்புறம் எந்தச் சாப்பாடு அதை முதிர வைக்கும் என்று தேடி ஒரு சத்துணவு செய்தார்கள். அதில் முக்கியமாக இருந்தவை கடலை மா, கச்சான் மா, சோயா மா, வாழைக்காய். மூன்று மாதம் கொடுத்ததில், வழக்கமான சத்துணவைவிடக் கலோரி குறைவாக இருந்தும் எடை நன்றாக ஏறியது. நாலும் நம் கடையிலும் தோட்டத்திலும் கிடைப்பவைதான். இதைப் படித்துவிட்டு வீட்டில் மாவைக் கரைத்துக் கைக்குழந்தைக்கு ஊட்டிவிடாதீர்கள். அது அளவோடு செய்த உணவு, உயரக் குறைவுக்கு மருந்தும் அல்ல. மெலிந்த பிள்ளையைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்ட வேண்டும். ஆனால் ஒரு ஆராய்ச்சி மாணவருக்கு இதில் பெரிய வாசல் திறந்திருக்கிறது. கோதுமை ரொட்டியும் சம்பலும் சாயத்தண்ணியுமாக வளரும் நம் பிள்ளைகளின் குடலில் யார் இருக்கிறார்கள், எந்த உள்ளூர்ச் சாப்பாடு அந்தக் கூட்டத்தை மாற்றும்? அதை நம் மொழி பேசி, தாய்மாரோடு உட்கார்ந்து கேட்கத் தெரிந்தவர்கள் செய்ய வேண்டும்.

தேயிலை பற்றி ஒரு வார்த்தை. ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்தை அரைத்துப் பரப்பி வைப்பதை நொதிக்க வைப்பது என்கிறோம். அங்கே வேலை செய்வது நுண்ணங்கி அல்ல, இலையிலுள்ள நொதியம் காற்றின் ஒட்சிசனோடு சேர்ந்து செய்வது. ஆனால் குடித்த பிறகு நுண்ணங்கி வருகிறது. தேயிலைக்குத் துவர்ப்புத் தரும் பொலிபீனோல்களில் பெரும்பகுதி சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பக்டீரியாக்களால்தான் சின்னச் சின்னதாக உடைகிறது. அதே பொலிபீனோல் பருப்பு, கீரையிலுள்ள இரும்புச்சத்தை உறிஞ்சவிடாமல் கட்டிப்போடும். எனவே சாப்பாட்டோடு சேர்த்துச் சாயத்தண்ணி குடிக்காமல் ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிப்பது நல்லது, முக்கியமாகக் கர்ப்பிணிகளுக்கு.

அம்மாவின் கேள்விக்கு இப்போது பதில் சொல்வது எளிது. போத்தலில் வரும் பக்டீரியா, மண்ணுக்கானாலும் வயிற்றுக்கானாலும், பெரும்பாலும் விருந்தாளி. ஏற்கெனவே குடியிருக்கும் கூட்டம் பெரியது. தின்ன நார்ப்பொருள் இல்லாத குடலில் விலை கூடிய பக்டீரியாவும் சில நாட்களில், அதிகம் போனால் சில வாரங்களில் வெளியேறிவிடும். சருகு இல்லாத, காய்ந்து இறுகிய மண்ணிலும் அப்படியே. அந்தக் காசுக்குப் பயறு, கடலை, கீரை, வீட்டில் உறைய வைத்த தயிர் வாங்கலாம். ஆராய்ச்சியில் நிலைத்த உயிர் உரங்களும் இல்லாமல் இல்லை. கண்டி ஹந்தானையில் உள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தில் பேராசிரியர் காமினி செனவிரத்ன, பங்கசு இழையில் பக்டீரியாவைக் குடியேற்றி உயிர்ப்படல உரம் ஒன்றை உருவாக்கினார். தனியாக விடாமல் வீட்டோடு சேர்த்து அனுப்புவது போன்ற வேலை அது. அதனோடு இரசாயன உரத்தைக் குறைத்துப் போடுகிறார்கள், முழுக்க நிறுத்தச் சொல்லவில்லை.

வேலை இருக்கிறதா என்று கேட்டீர்கள். ஹந்தானையில் அந்த நிறுவகம், தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம், பேராதனைப் பல்கலைக்கழகம், பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம், சீத்தா எலியவில் விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம், நீர்வழங்கல் சபையின் ஆய்வுக்கூடங்கள், பால் தொழிற்சாலைகள். எல்லாம் நம் மலையைச் சுற்றியே இருக்கின்றன. இடங்கள் குறைவு, போட்டி உண்டு, ஆங்கிலமும் சிங்களமும் கட்டாயம் தேவைப்படும். புள்ளிவிவரவியலைப் பயந்து விட்டுவிடாதீர்கள், இன்றைக்கு இந்தத் துறையில் பாதி வேலை கணினியின் முன்தான். இவ்வளவையும் தெரிந்துகொண்டு வாருங்கள் என்றுதான் சொல்வேன்.

பல்கலைக்கழகம் தொடங்க மாதங்கள் இருந்தால் ஒன்று செய்து பாருங்கள். பழைய வெள்ளைப் பருத்தி வேட்டியை ஒரே அளவில் எட்டுத் துண்டாக வெட்டுங்கள். நைலோன் நூல் தையல் இருக்கக் கூடாது. தேயிலைச் செடிக்கு அடியில் சருகு மூடிய இடம், வெறும் மண் தெரியும் இடம், மரக்கறித் தோட்டம், மாட்டுப்பட்டி ஓரம் என்று நாலு இடத்தில் இரண்டிரண்டாக ஒரு சாண் ஆழத்தில் ஒரே நாளில் புதைத்து, குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். பருத்தி முழுக்கச் செலுலோசு, மண்ணின் பங்கசுவும் பக்டீரியாவும் தின்னும். அறுபதாம் நாள் தோண்டுங்கள். இழுக்காதீர்கள், இழை இழையாகக் கையோடு வந்துவிடும், சுற்றி மண்ணோடு தூக்குங்கள். நிழலில் காயவிட்டு மண்ணை உதிர்த்துவிட்டு, எந்த இடத்துத் துண்டில் எவ்வளவு மிச்சம் என்று வரைந்து வையுங்கள். அந்த இடத்துக்குக் கடைசியாக எப்போது உரமோ மருந்தோ போட்டார்கள் என்று கங்காணியிடம் கேட்டு, அதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.